மகன் கேட்கும் ஒன்றரை இலட்ச ரூபாக் கண்ணாடி



இலங்கையின் மலையகத்தில், அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் என் முன்னே விரிந்து கிடக்கிறது. நான்கு பக்கக் கடிதம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் செய்தியை மட்டும் சொல்கிறேன்.

கணவருக்குப் பஸார் ஓரத்தில் சிறிய சில்லறைக் கடை. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். கடன் கொப்பியும் சம்பள நாளும்தான் கடையின் மூச்சு. மகனுக்கு 23 வயது. தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகி, இப்போது தனியாகக் கல்யாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று படம் பிடிக்கிறார். கத்தாரிலிருக்கும் மாமா சென்ற வருடம் ஒரு ட்ரோன் கமரா வாங்கிக் கொடுத்திருக்கிறார். உயர்தரம் முடித்த மகள் வீட்டிலிருந்தபடியே கணினியில் அண்ணனின் படங்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார். பிழைப்பு ஒருவாறு போகிறது.

இப்போது மகன் ஒரு கண்ணாடி கேட்கிறார். சாதாரணக் கண்ணாடியல்ல. ட்ரோன் மேலே பறக்கும்போது அதன் கமரா பார்ப்பதைக் கண்ணுக்கு முன்னாலேயே காட்டும் கண்ணாடி. விலை ஒன்றரை இலட்சம் ரூபா. "உம்மா, வெயிலில் போன் திரை தெரியுதில்லை. இது இருந்தால் வேலை கூடும்" என்கிறாராம். வீட்டில் இருப்பது உம்மாவின் இரண்டு காப்பும், மகளின் காரியத்துக்கென்று கட்டிவரும் சீட்டுப் பணமும்தான்.

"இது வேலைச் சாமானா, விளையாட்டுச் சாமானா? எனக்கு விளங்குதில்லை. இல்லையென்றால் மகன் முகம் வாடுது. சரியென்றால் என் கை வெறுங்கையாகுது. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

இது அக்கரப்பத்தனைக்கு மட்டும் உரிய கேள்வியா? இல்லை சகோதரிகளே! ஒரு வீட்டில் கமரா, இன்னொரு வீட்டில் கணினி, மற்றொரு வீட்டில் மோட்டார் சைக்கிள். பிள்ளைகள் கேட்கும் பொருளின் பெயர்தான் மாறுகிறது. கேட்கும் முறையும் தாயின் தவிப்பும் எங்கும் ஒன்றுதான். ஆகவே இந்தக் கண்ணாடியை வைத்து எல்லோரும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம்

தெரியாத பொருளுக்கு ஆம் என்பதும் தவறு, இல்லை என்பதும் தவறு. இந்தக் கண்ணாடிகளில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, கண்ணை முழுதாக மூடுவது. நீச்சல்காரர் போடுவதைப் பெரிதாக்கினாற்போல இருக்கும். மாட்டிக்கொண்டால் வெளியுலகம் தெரியாது, ட்ரோனின் கமரா காண்பது மட்டுமே தெரியும். பறவையின் தலைக்குள் உட்கார்ந்து பார்ப்பது போன்ற அனுபவம் அது. ட்ரோன் பந்தயம் விடுபவர்களும், மரங்களுக்கிடையிலும் கதவு வழியாகவும் புகுந்து செல்லும் படங்களை எடுப்பவர்களும் இதைத்தான் போடுகிறார்கள். சீனாவின் டிஜேஐ நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட 'கொகிள்ஸ் 3' இந்த வகை. அப்போது அதன் விலை சுமார் 500 அமெரிக்க டொலர். அதே வருடம் நவம்பரில் சுமார் 230 டொலருக்கு 'என் 3' என்ற மலிவான ஒன்றையும் கொண்டுவந்தார்கள்.

மற்றது, ஊடாகப் பார்க்கக்கூடியது. மூக்குக் கண்ணாடி போலவே இருக்கும். எதிரே வானமும் மலையும் தெரியும், அதன்மேல் மிதப்பது போலப் படமும் தெரியும். ஜப்பானின் எப்சன் நிறுவனம் 2016இல் 'மொவேரியோ பிடி 300' என்று ஒன்றை வெளியிட்டது. ட்ரோன் விடுபவர்களுக்கென்றே தனிப் பதிப்பும் போட்டார்கள். எடை 69 கிராம். அப்போதைய விலை சுமார் 700 டொலர். கண்ணை மூடாமல் ட்ரோனையும் பார்க்கலாம், படத்தையும் பார்க்கலாம் என்பதுதான் அதன் பெருமை.

ஒரு டொலருக்கு 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 500 டொலர் என்பது ஒன்றரை இலட்சம் ரூபா. கொண்டுவரும் செலவும் வரியும் வேறு. ஆகவே மகன் சொல்லும் விலை பொய்யல்ல. அந்த விலைக்கு வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒன்றரை இலட்சம் என்றால் எவ்வளவு?

பணத்தை ரூபாவில் எண்ணினால் சில நேரம் மனதில் பதியாது. நாளில் எண்ணிப் பாருங்கள். அந்தச் சகோதரியின் கடைக்கு வரும் தோட்டப் பெண்களின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒன்றரை இலட்சம் என்பது 111 நாள் கொழுந்து. பின்பு 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபாவும் வருகைக்கான ஊக்கத்தொகை 200 ரூபாவுமாக 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கிலும் 85 நாளுக்கு மேல் வருகிறது. பனியிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் மூன்று மாதம் மலையேறி இறங்கிய கூலி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

இப்படிச் சொல்வதால் மகன் கேட்பது குற்றம் என்று ஆகாது. தச்சனுக்கு உளி வேண்டும், தையல்காரிக்கு மெஷின் வேண்டும். உழைப்புக்கு உதவும் பொருள் வீண்விரயமாகாது. ஆனால் உளி வாங்கினால் கதவு செய்யலாம். இந்தக் கண்ணாடி வாங்கினால் என்ன செய்யலாம்? அதைத்தான் கேட்க வேண்டும்.

கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. ட்ரோன் படமும் சேர்ந்தால் ஒரு கல்யாணத்துக்கு 12,000 ரூபா கூடுதலாகக் கிடைக்கிறதாம். வேன் கூலியும் உதவியாளர் கூலியும் போக 8,000 மிஞ்சுகிறது. மகன் சொல்வது, "19 கல்யாணம் எடுத்தால் கண்ணாடிக் காசு வந்துவிடும்" என்று. 19ஐ 8,000ஆல் பெருக்கினால் 152,000. கணக்குச் சரிதான். ஆனால் அந்த 8,000 இப்போதே, கண்ணாடி இல்லாமலேயே வந்துகொண்டிருக்கிறதே! அது ட்ரோன் சம்பாதித்த பணம். அதைக் கண்ணாடியின் கணக்கில் எழுதலாமா?

கண்ணாடி வந்த பிறகு புதிதாக எத்தனை வேலை வரும்? அதை மட்டுமே கண்ணாடியின் வரவில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு புது வேலை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நாலு. 32,000 ரூபா. ஒன்றரை இலட்சத்தைத் திரும்ப எடுக்க நாலரை வருடத்துக்கும் மேலாகும். அதுவரை கண்ணாடி உடையக் கூடாது, ட்ரோன் விழக் கூடாது, புது மாதிரி வரக் கூடாது. நடக்கிற காரியமா?

மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பது படத்தை. படம் பிடித்தவர் என்ன மாட்டியிருந்தார் என்று எந்த மாமியாரும் கேட்கப் போவதில்லை. படத்தின் தரம் ட்ரோனிலிருக்கும் கமராவைப் பொறுத்தது, பிடிப்பவரின் கையையும் ரசனையையும் பொறுத்தது, பிறகு வீட்டிலிருந்து வெட்டி ஒட்டும் தங்கையின் திறமையைப் பொறுத்தது. கண்ணாடியால் படம் ஒரு புள்ளி கூடத் தெளிவாகாது.

வெயிலில் திரை தெரியவில்லையே?

மகன் சொல்லும் இந்தக் குறை உண்மை. உச்சி வெயிலில் போன் திரை கண்ணாடி போலப் பளபளக்கும், நம் முகம்தான் தெரியும். படத்தில் வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்று பிடிப்பவருக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மருந்து ஒன்றரை இலட்சமா?

போனைச் சுற்றி மறைப்பு வைக்கும் சிறு கூடு கடைகளில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால், தடித்த அட்டையை வெட்டி உட்புறம் கறுப்புத் துணி ஒட்டி, வீட்டில் தைக்கத் தெரிந்த பெண் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். ட்ரோனுக்கு முதுகில் வெயில் படும்படி நிற்காமல் நிழலில் நிற்கலாம். அதுவும் போதாவிட்டால், வெயிலுக்கென்றே பிரகாசமான திரை பொருத்திய கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கின்றன.  தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குக் கிணற்றையே வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

அத்தோடு அக்கரப்பத்தனையில் வருடத்தில் எத்தனை நாள் அப்படி வெயில் அடிக்கிறது? அங்கே பெரிய எதிரி வெயிலல்ல, மூடுபனி. பகல் இரண்டு மணிக்குப் பளிச்சென்றிருக்கும் மலை, இரண்டேகாலுக்குக் காணாமல் போய்விடும். பனிக்குள் போன ட்ரோனை எந்தக் கண்ணாடியும் காட்டாது. கமராவுக்கே வெள்ளைப் புகைதான் தெரியும். ஈரம் மோட்டாருக்கும் ஆகாது. குளிரில் பெட்டரியும் சீக்கிரம் தளரும். அரை மணி நேரம் பறக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மலையில் நம்பி இருக்கக் கூடாது.

இன்னுமொன்று, மலையில் ட்ரோன் விடும் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது. தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். அப்போது எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று முன்பே குறித்துவைப்பார்கள். அந்த உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கப்படுவது. பள்ளத்திலே நின்று விட்டால், 50 மீட்டர் போதும் என்று குறித்திருப்பார் மகன். எதிரே தேயிலைச் சரிவு 80 மீட்டர் ஏறியிருக்கும். திரும்பி வரும் ட்ரோன் நேரே நிழல் மரத்திலோ மலையிலோ முட்டும். இந்த அறிவுக்கு விலை இல்லை. ஆனால் ஒரு ட்ரோனையே காப்பாற்றும்.

கண்ணை மூடினால் யார் பார்ப்பது?

முழுதாக மூடும் கண்ணாடி மாட்டியவருக்கு ட்ரோனுக்கு முன்னால் இருப்பது தெரியும். பின்னால் வரும் மின்கம்பி தெரியாது, பக்கத்திலுள்ள கிளை தெரியாது, காலுக்குக் கீழே ஓடிவரும் குழந்தையும் தெரியாது. அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும், அப்படிக் கண்ணாடி மாட்டிப் பறக்கவிடுபவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்று வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஆக, கண்ணாடி வாங்கினால் ஓர் ஆளும் கூட வேண்டும். அவருக்கும் கூலி உண்டு.

கல்யாண வீட்டில் இது சின்ன விஷயமல்ல. 2015 மே மாதம் மெக்சிக்கோவின் திஜுவானா நகரில் நடந்த இசை நிகழ்ச்சியில், பாடகர் என்ரிக் இக்லேசியஸ் மேடைக்கு மேலே பறந்த ட்ரோனைக் கையால் பிடிக்கப்போய் விரல்களில் பலத்த வெட்டு வாங்கினார். பின்பு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வளர்ந்த மனிதருக்கே அந்தக் கதி என்றால், மின்மினிப் பூச்சியென்று எண்ணித் தாவும் குழந்தைகள் நிறைந்த நம் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள்!

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகனுக்கு ஏற்கெனவே பார்வைக் கண்ணாடி உண்டா? சில கருவிகளில் பார்வைக் குறைக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம், சிலவற்றைப் பார்வைக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டலாம். எல்லாவற்றிலும் இந்த வசதி இல்லை. மாட்டிப் பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். பஸ்ஸில் ஏறினாலே மயக்கம் வருகிற பிள்ளையென்றால் இன்னும் கவனம் வேண்டும். மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாத பொருள் இது.

பழசாகிப்போகும் பொருள்

மேலே சொன்ன எப்சன் கண்ணாடிக்கு என்ன நடந்தது தெரியுமா? கண்ணாடி கெட்டுப்போகவில்லை. அதற்குள் ஆண்ட்ராய்டு 5.1 என்ற மென்பொருள் இருந்தது. பின்னர் வந்த ட்ரோன்களின் செயலிகள் அதைவிடப் புதியதைக் கேட்டன. இவ்வளவுதான். 700 டொலர் கொடுத்தவர்களின் கையில் நல்ல நிலையிலிருந்த கண்ணாடி, புது ட்ரோனோடு பேசத் தெரியாத ஊமையாகிவிட்டது.

இன்னும் பெரிய உதாரணம் உண்டு. 'கூகுள் கிளாஸ்' என்ற கண்ணாடியை 2013இல் 1,500 டொலருக்கு விற்றார்கள். உலகமே மாறப்போகிறது என்றார்கள். 2015 ஜனவரியில் அந்த விற்பனையை நிறுத்தினார்கள். தொழிற்சாலைகளுக்கென்று வைத்திருந்த பதிப்பின் விற்பனையும் 2023 மார்ச்சில் நின்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கண்ணாடிக்கே அதுதான் ஆயுள்.

ஆகவே மகனிடம் கட்டாயம் கேளுங்கள்: "உன்னிடம் இப்போதிருக்கும் ட்ரோனோடு இந்தக் கண்ணாடி சேருமா?" பல தாய்மாருக்கு இது தெரியாது. ஒரே நிறுவனத்தின் பொருள்களே ஒன்றோடொன்று சேராது. டிஜேஐயின் அந்த மலிவான 'என் 3' வெளிவந்தபோது 'நியோ', 'அவாட்டா 2' ஆகிய ட்ரோன்களோடுதான் வேலை செய்தது. கண்ணாடியை வாங்கி வந்த பிறகு, "உம்மா, இதற்கு ஏற்ற ட்ரோனும் வேண்டும்" என்று இரண்டாவது பட்டியல் வரக்கூடாது பாருங்கள். ஒட்டகத்துக்கு மணி வாங்கப் போய் ஒட்டகத்தையும் மாற்ற வேண்டிய கதையாகிவிடும்.

சட்டத்தையும் கேட்க வேண்டும்

இலங்கையில் ட்ரோன் விஷயங்களைப் பார்ப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், பறக்கவிட அனுமதி வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய விதிகள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், சில நாட்களுக்குள்ளேயே நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதைத் தடை செய்தார்கள். அன்று கடன் வாங்கிக் கருவி வாங்கியிருந்தவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது. ஒரே உத்தரவில் நின்றுபோகக்கூடிய தொழிலுக்கு, கையிலுள்ளதை எல்லாம் கொட்டுவது அறிவுடைமையாகுமா? கண்ணாடிக்கு முன் மகனின் பதிவுப் பத்திரத்தைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் முதல் செலவு அதற்குத்தான்.

எனக்கு உறுத்தும் இடம்

இதுவரை சொன்னது பணக்கணக்கு. இனிச் சொல்லப்போவது அதைவிடப் பெரியது.

மலையகத்தில் பெண்கள் பலர் குளிப்பதும் துணி துவைப்பதும் பீலியடியில். லயத்தின் பின்புறம் திறந்தவெளி. மேலே கூரையில்லை. சுற்றிலும் மலை என்ற ஒரே மறைப்பை நம்பித்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். பஸாரிலுள்ள நம் வீடுகளிலும் பின் முற்றத்தில் முக்காடின்றித் தலை உலர்த்தும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிலும் வேலியும் பக்கத்து வீட்டுக் கண்ணைத்தான் தடுக்கும், மேலிருந்து பார்க்கும் கண்ணைத் தடுக்காது.

போன் திரையில் பார்த்தபடி ட்ரோன் விடும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் படம் தெரியும். தங்கை பார்ப்பாள், கூட்டாளி பார்ப்பார், தெருவில் நிற்கும் பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தப் பக்கம் விடாதே" என்பார். கண்ணாடி மாட்டிவிட்டால் அவர் என்ன பார்க்கிறார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். என் சகோதரியின் மகன் நல்ல பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? கண்ணை மூடிய கண்ணாடியோடு ஓர் இளைஞர் மேட்டில் நிற்க, ட்ரோன் லயத்துக்கு மேலே இரைந்துகொண்டு போனால், கீழே ஈரத் துணியோடு நிற்கும் பெண் என்ன நினைப்பாள்? நம் பிள்ளையின் நல்ல பெயர் ஒரு நிமிடத்தில் போய்விடும். கடையும் அதே ஊரில்தானே இருக்கிறது!

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, கிடைக்காவிட்டால் திரும்பிப் போகக் கற்றவர்கள் நாம். வானத்து வழிக்கும் அதே ஒழுங்குதான். பறக்கவிடுமுன் தோட்டத்தில் கேட்க வேண்டும், லயத்து மக்களிடம் நேரத்தைச் சொல்ல வேண்டும், பீலி பக்கம் போகவே கூடாது. நிகாஹ் வீட்டில் பெண்கள் பகுதிக்கு மேலே பறக்கவிடுவதில்லை என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லும் படப்பிடிப்பாளரைத்தான் நம் குடும்பங்கள் தேடிக் கூப்பிடும். கண்ணாடி கொண்டுவராத வேலையை இந்த நேர்மை கொண்டுவரும்.

பெரிய வேலைக்கே கண்ணாடி வேண்டியதில்லை

"தொழிலில் முன்னேற இது வேண்டும்" என்று மகன் சொல்லக்கூடும். முன்னேறியவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், சில வருடங்களுக்கு முன்பே வயல்களையும் நீர்நிலைகளையும் வரைபடமாக்க ட்ரோனைப் பயன்படுத்தியது. அத்தகைய ட்ரோன் முன்பே குறித்துக் கொடுத்த பாதையில் தானாகப் பறக்கும். கீழே நிற்பவர் கணினித் திரையைப் பார்த்திருந்தால் போதும்.

இந்தியாவில் 2023 நவம்பரில் 'நமோ ட்ரோன் தீதி' என்ற திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் கொடுப்பது நோக்கம். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 இலட்சம் இந்திய ரூபா, மானியம். 15 நாள் பயிற்சி. வயலோரத்தில் சேலை கட்டி நின்று மருந்து தெளிக்கும் அந்தப் பெண்கள் கண்ணாடி மாட்டுவதில்லை. வெறும் கண்ணால் ட்ரோனையும், கையிலுள்ள திரையையும் பார்த்துத்தான் கூலி வாங்குகிறார்கள்.

இதில் நம் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அக்கரப்பத்தனைச் சகோதரியே, உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரே தொழிலைத்தான் செய்கிறார்கள். வெளியே போய்ப் பிடிப்பவர் ஒருவர், உள்ளே இருந்து அதைப் படமாக்குபவர் ஒருவர். நீங்கள் எழுதிய நான்கு பக்கத்திலும் மகனின் கண்ணாடி இருக்கிறது, மகளின் கூலி ஒரு வரி கூட இல்லை. அவளது சீட்டுப் பணத்தைத்தான் கேட்கிறார்கள். இதை வருத்தத்தோடு சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அப்படியானால் முடிவு என்ன?

இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கதவு வழியாக நுழைந்து மணமேடை வரை ஒரே ஓட்டமாகச் செல்லும் படங்களை எடுப்பதென்றால், கண்மூடும் கண்ணாடி தேவைதான். அதற்கு முதலில் கணினியில் பறக்கப் பழக வேண்டும். அதற்கென்று விளையாட்டுப் போன்ற பயிற்சிச் செயலிகள் இருக்கின்றன. 3 மாதம் மகன் அதில் விடாமல் பழகட்டும். பிறகு, கண்ணாடி வைத்திருக்கும் தொழில்முறை நண்பர் ஒருவரிடம் ஒருநாள் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கி மாட்டிப் பார்க்கட்டும். தலை சுற்றுகிறதா, கண் வலிக்கிறதா என்று தெரியும். இரண்டு வாடிக்கையாளராவது "அந்த மாதிரிப் படம்தான் வேண்டும், இவ்வளவு கூடுதலாகத் தருகிறோம்" என்று முன்பணம் கொடுத்தால், அப்போது வாங்கலாம். அதுவும் இருக்கும் ட்ரோனோடு சேரும் மலிவான வகையை. பணம் அவருடைய ட்ரோன் வருமானத்திலிருந்து, மாதம் இவ்வளவு என்று தனியே எடுத்துவைத்துச் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: பதிவும் அனுமதியும் சரியா என்று பார்ப்பது, திரைக்கு மறைப்புக் கூடு, ஒரு கூடுதல் பெட்டரி, இறக்கைகள் ஒரு சோடி, படங்கள் அழியாமல் சேமிக்க ஒரு ஹார்ட் டிஸ்க். அத்தோடு, ஒவ்வொரு வேலையிலும் மகளுக்கு ஒரு பங்கு. ஒன்றரை இலட்சத்தில் சிறு பகுதிதான் செலவாகும். படமும் தரமாகும், வீட்டில் நியாயமும் இருக்கும்.

காப்பைப் பற்றி. பெண்ணின் நகை அவளது சொத்து. கணவனோ மகனோ உரிமையோடு கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் அவள் விருப்பம். வட்டிக் கடையில் வைத்துக் கருவி வாங்குவதோ, மார்க்கமும் கூடாதென்கிறது, கணக்கும் கூடாதென்கிறது. அந்த இரண்டு காப்பும் கடைக்குச் சரக்கு வராத மாதத்துக்கும், நோய் நொடிக்கும், மகள் காரியத்துக்கும் இருக்கும் கடைசிக் காவல். மலைநாட்டில் மழைக்காலம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காவலைக் கழற்றி விடாதீர்கள்.

மகனிடம் "இல்லை" என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொப்பியை எடுத்து, வாப்பா, மகன், மகள் எல்லோரையும் உட்கார வைத்து, இந்தக் கணக்கை மகன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். புது வேலை எத்தனை, வரவு எவ்வளவு, எத்தனை வருடம் என்று. எழுதும் கையே பதில் சொல்லும். "நீ வேலை தெரிந்த பிள்ளை, உனக்குப் பொருள் வேண்டாமென்று சொல்லவில்லை, காலம் பார்த்து வாங்குவோம்" என்று நீங்கள் சொன்னால் முகம் வாடாது.

ஒரு சீசன் கழித்து அந்தக் கொப்பியில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மகளின் பங்கு எவ்வளவு என்றும் எழுத மறக்க வேண்டாம்.

மற்றச் சகோதரிகளும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள், நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.